கீழ்க்குரல்காரி

என் புருஷன் பூட்டுக்காரர். இந்த ஊரில் பாதி வீடுகளுக்குச் சாவி போட்டவர். அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டலாம் என்று என் மகள் சொன்னபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனைத் தண்ணீரில் முக்கிக் கொல்லப் போகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது.

அவருக்கு மறதி நோய். முதலில் காலையில் சாப்பிட்டதை மறந்தார். அப்புறம் மகளின் கல்யாணத்தை மறந்தார். அப்புறம் மகளையே மறந்தார். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. வாசல் கதவுக்கு விலை உயர்ந்த பூட்டாகப் பார்த்துப் போட்டோம். என் கொண்டை ஊசியை எடுத்து, காதைக் கதவில் வைத்து, என் டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டுப் போய்விட்டார். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தோம். கீலைக் கழற்றி, கதவையே அலுங்காமல் எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். கழற்றின திருகாணிகளை ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தார், தொலைந்துவிடக் கூடாதாம்.

ஒவ்வொரு தடவையும் யாராவது கூட்டிவந்து விடுவார்கள். பேக்கரிக்காரர் ஒரு நாள், பஸ் ஓட்டுநர் ஒரு நாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "நேரமாச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். கழுதைக்கு வாழ்க்கைப்பட்டால் உதைக்குப் பயப்படலாமா? என்னால் தாங்க முடியாதது ஒன்றுதான். அவர் என்னை "இந்தா" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பெயர் "இந்தா"தான். "இந்தா, டீ போடு." "இந்தா, கடைக்குக் கிளம்பு." கோபம் என்றால் கட்டையாக ஒரு "இந்தா", உடம்பு சரியில்லாமல் நான் படுத்திருந்தால், நெற்றியில் கை வைத்து, மெதுவாக, இழுத்து ஒரு "இந்தா". என் சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும்தான் என்று கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். இப்போது என்னை "நீங்க" என்கிறார். "நீங்க யாரு? இங்க வேலை பாக்குறீங்களா?" என்கிறார். ஆமாம், முப்பது வருஷமாக இங்கேதான் வேலை பார்க்கிறேன், சம்பளம்தான் இன்னும் வரவில்லை என்று வாய்வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

ஒரே ஒரு தடவை அந்த "இந்தா" கேட்டால் போதும் என்று இலவு காத்த கிளி மாதிரி காத்திருந்தேன்.

என் மகள் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வலியோடு வருகிறவர்களிடம் "கொஞ்சம் உக்காருங்க" என்று சொல்வது அவள் வேலை. அப்பாவிடமும் அதையேதான் சொல்லிப் பார்த்தாள். அவர் உட்காரவில்லை. அப்போதுதான் பகலில் வந்து பார்த்துக்கொள்கிற நர்ஸ் ஒரு யோசனை சொன்னார்.

"வாலிப வயசுல கேட்ட பாட்டு எதாவது போட்டுப் பாருங்க. எல்லாம் போனாலும் பாட்டு மட்டும் கடைசி வரைக்கும் இருக்கும்."

"அம்மா, அப்பாவுக்குப் புடிச்ச பாட்டு எது?" என்று மகள் கேட்டாள்.

அந்த வீட்டில் அவள் பிறந்து வளர்ந்து கல்யாணமாகிப் போகும் வரை ஒரு பாட்டு கேட்டதில்லை. ரேடியோவில் செய்தி முடிந்ததும் அவர் கை போய் அதை நிறுத்தும். அப்பாவுக்குப் பாட்டு பிடிக்காது என்றே அவள் நினைத்திருந்தாள். இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். அவளுக்கு ஒரு குரல் இருந்தது. எங்கள் தெருவில் அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே பாடினால், கீழே சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் சண்டையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பாட்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அவளும் கிட்டார் வாசிக்கிற ஒருவரும் நானும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். ஒரு டயர் கிடங்கின் பின்னறையில்தான் ஒத்திகை. டிரம்ஸ் அடித்தவன் கிடங்குக்காரரின் மகன். இடம் இலவசம் என்பதற்காகத்தான் அவனைச் சேர்த்தோம், தாளத்துக்காக இல்லை. அம்மா வேலை செய்துகொண்டே முணுமுணுக்கிற நாட்டுப்பாட்டுகளை எடுத்து, எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் போட்டு, ராக் பாட்டாக்கினோம். அம்மா ஒரு நாள் வந்து கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஏன் ரிப்பேரான மிக்ஸிய பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாடுறீங்க?" என்றாள்.

நான் கீழ்க்குரல். மெட்டு அக்காவுடையது, அதற்குக் கீழே இன்னொரு மெட்டில் கூடவே போவது என் வேலை. ஆனால் தொடங்குவது நான்தான். அது எங்கள் வழக்கம். முதல் இரண்டு வரியை நான் தனியாகத் தாழ்ந்த குரலில் பாடுவேன், அப்புறம் கிட்டார் சேரும், அதற்கப்புறம்தான் அக்கா மேலே ஏறுவாள். அவள் எங்கே இருந்தாலும் என் குரல் கேட்டால் வந்துவிடுவாள். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தால் டம்ளரோடு ஓடி வருவாள். சிந்தாமல் வந்ததே இல்லை.

கிட்டார்காரர் அக்காவை "பாட்டுக்காரி" என்பார். என்னை "வாலு" என்பார். நான் அவரைக் கிண்டலுக்கு "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தேன். சீக்கிரமே அது நிஜமாகிவிட்டது. அக்காவும் அவரும் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. என் அக்கா போய்விட்டாள்.

மாமா கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டு, பூட்டுக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச காலம் கழித்து எனக்கும் அவருக்கும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசினார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பதிவு அலுவலகத்துப் படியில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாட்டு மட்டும் வேண்டாம். வேற எதுக்கும் நான் குறை வைக்க மாட்டேன்."

சரி என்றேன். அவரும் சொன்ன சொல் தவறவில்லை. பாட்டைத் தவிர எதிலும் குறை வைக்கவில்லை. எனக்குப் பிரசவ வலி வந்த ராத்திரி என்னைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். ஆனால் அடுப்படியில் மறந்துபோய் நான் ஒரு வரி முனகினாலும் எழுந்து வெளியே போய்விடுவார். நானும் வாயை மூடிக்கொண்டே சமைக்கப் பழகிக்கொண்டேன்.

இதைக் கேட்டுவிட்டு மகள் குழுவில் இருந்தவர்களைப் பற்றித் துருவித் துருவி விசாரித்தாள். அப்புறம் அந்த டிரம்ஸ்காரனைத் தேடிப் பிடித்தாள். அவனிடம் எங்கள் ஒத்திகையைப் பதிந்த ஒரு கேசட் இருந்தது. அதைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

அவர் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மகள் பாட்டைப் போட்டாள். முதலில் என் குரல், பதினெட்டு வயதுக் குரல், கொஞ்சம் மூக்கடைப்போடு.

*ஆத்து மேல பாலமில்ல, அக்கரையில் ஆளுமில்ல,
கூப்பிட்ட கொரலு மட்டும் கூடவே வருதடி…*

கிட்டார் சேர்ந்தது. அப்புறம் அக்கா ஏறினாள்.

டயர் ரப்பர் வாசனை என் மூக்கில் வந்து அடித்தது. அக்காவின் கையில் டீ டம்ளர், அவள் உதட்டுக்கு மேலே வியர்வை, என்னைப் பார்த்து அவள் கண்ணடிப்பது, எல்லாம் ஒன்றாக வந்தது. அவள் செத்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதேன். அழுதுகொண்டே, என்னை அறியாமல், அவளோடு சேர்ந்து பாடினேன். என் வரியை இல்லை. அவளுடைய மெட்டை.

அவர் செருப்பைக் கழற்றினார். வந்து சோபாவில் உட்கார்ந்தார். இடது கை விரல்கள் தொடைமேல் கிட்டார் பிடிகளைத் தேடித் தேடி அழுத்தின. பாட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டுக்காரி," என்றார். "வந்துட்டியா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? "வந்துட்டேன்" என்றேன்.

அன்றிலிருந்து அவர் வெளியே போகவில்லை. காலையில் ஒரு பாட்டு, சாப்பாட்டுக்கு முன் ஒரு பாட்டு, சாயங்காலம் ஒன்று என்று போனில் போட்டு, நானும் கூடவே அக்காவின் மெட்டில் பாடுவேன். *வண்டி போச்சு வண்டி போச்சு, வாயப் பொளந்து நிக்கிறியே* என்று ஒரு வேகப் பாட்டு எங்களிடம் உண்டு. அதற்குச் சோபாவின் கையில் தாளம் போட்டுச் சிரிப்பார். அவர் சிரித்து எத்தனை காலமாயிற்று. மகளுக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு பூட்டும் வேண்டாம்மா. பாட்டே போதும்" என்றாள்.

போதும்தான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பேசியதெல்லாம் என்னிடம் பேசியதில்லை. "உன் கொரல் கேக்காம நான் எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியல" என்பார். "நீ இல்லாத வீடு வீடா?" என்பார். முப்பது வருஷமும் நான் எந்த வீட்டில் இருந்தேன்? செத்துப்போனவளோடு சக்களத்திச் சண்டை போட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் என் கூடப் பிறந்தவளோடு, எனக்குப் பின்னல் போட்டுவிட்டவளோடு. அவளைத் திட்டவும் மனசு வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால் விஷயம் சாதாரணம். பாட்டுக்குள்ளே அக்காவின் வருஷம் பத்திரமாக இருந்தது. என் முப்பது வருஷத்துக்குப் பாட்டே கிடையாது. எதைப் போட்டு அவருக்கு என்னை ஞாபகப்படுத்துவது? பதிவு அலுவலகத்தில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு ஏன் பயந்த மாதிரி நிக்குது?" என்றார். சாவி வெட்டுகிற மெஷின் சத்தத்தை மகள் எங்கிருந்தோ பிடித்துப் போட்டாள். காது கொடுத்துக் கேட்டார். "பிளேடு தேஞ்சிருக்கு, மாத்தச் சொல்லு" என்றார். அதோடு சரி.

ஒரு நாள் பாட்டு முடிந்ததும், "இனிமே என்னை விட்டுட்டு எங்கயும் போகாத, பாட்டுக்காரி" என்று என் தோளில் சாய்ந்தார். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"நான் அவ இல்ல," என்று கத்தினேன். "அவ செத்துட்டா. உங்களுக்கு ஆக்கிப் போட்டவ நான். உங்க பிள்ளையப் பெத்தவ நான். என்னைப் பாருங்க மாமா, நான் யாரு?"

அவர் பயந்துபோனார். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் கதவு திறந்து கிடந்தது. பஸ் ஓட்டுநர்தான் மறுபடியும் கூட்டிவந்தார். நடுத்தெருவில் விழுந்து முழங்கை கிழிந்திருந்தது. "நான் பிரேக் போட்டதால ஆச்சு, இல்லேன்னா என்னம்மா பண்றது?" என்றார்.

மகள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஓர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவானது. அங்கே கதவுகளுக்குச் சாவியே கிடையாது. எண்களை அழுத்தினால்தான் திறக்கும். எந்தக் கொண்டை ஊசிக்கும் அது மசியாது. அவர் கைக்குத் தெரிந்த கடைசி வித்தையும் அங்கே செல்லாது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. திங்கட்கிழமைக்குள் ஒரு "இந்தா" வந்துவிடாதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடவில்லை. பாடினால் அக்கா வந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருடைய துணிகளைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். மகள் காரை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போனாள். நான் கால் போன போக்கில் ஓடினேன். கால் எங்கள் பழைய கடைக்குத்தான் போயிற்று. கடையை விற்றாகிவிட்டது, இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். ஞாயிறு விடுமுறை. ஆனால் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது, பூட்டு திறந்து தொங்கியது. அதன் கீழே படியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. கடைக்கு வந்திருக்கிறார்! நானும் அவரும் ஆயுசெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நின்ற கடை. இத்தனை நாளும் "நேரமாச்சு" என்று கிளம்பியது இங்கே வரத்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கடையத் திறக்கவா வந்தீங்க?"

"கடையா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். "டயரையெல்லாம் எங்க கொண்டுபோய் வச்சான்? ஒருத்தரையும் காணோம். ஒத்திகைக்கு நேரமாச்சு."

டயர் கிடங்கை மூடியபோது, நாங்கள் ஒத்திகை பார்த்த அந்தப் பின்னறையைத்தான் அவர் வாடகைக்குப் பிடித்துக் கடை போட்டார். வாடகை குறைவு, அதனால்தான் என்று நான் நினைத்திருந்தேன். வருஷக்கணக்காக அந்தச் சுவர்களுக்குள் நின்று அவர் சாவி வெட்டியிருக்கிறார், நான் பக்கத்தில் நின்று பிரஷ்ஷால் தூசி தட்டியிருக்கிறேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் முழங்கைக் கட்டு அவிழ்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கட்டினேன். கட்டிக்கொண்டே, எதற்கென்று தெரியாமல், பாட ஆரம்பித்தேன். அக்காவின் மெட்டை இல்லை. என்னுடையதை. தாழ்ந்த குரலில், முதல் இரண்டு வரி.

அவர் சட்டென்று திரும்பினார்.

"வாலு! எங்கடி போன? எவ்வளவு நேரமா இங்க தனியா உக்காந்திருக்கேன்."

"இந்தா" இல்லை. ஆனால் நான். அக்கா இல்லை, வேலைக்காரி இல்லை, நான்.

"இப்பத்தான் மாமா வர்றேன்."

"உங்க அக்கா எங்க?"

"கடைக்குப் போயிருக்கா."

"அவ என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கா?" என்று சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "ஏன் இப்படி மூச்சு வாங்குற? யாராவது எதாவது சொன்னாங்களா?"

"இல்ல மாமா. ஓடி வந்தேன்."

என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்பது போல முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்க அக்காகிட்ட சொல்லிட்டேதான் இருக்கேன். உனக்கு ஒரு நல்ல எடமாப் பாக்கணும். எங்க ரெண்டு பேரு பின்னாடியே சுத்திக்கிட்டு உன் வாழ்க்கை வீணாயிடக் கூடாது."

எதிர்ச் சாரியில் ஒரு கடைக்காரர் பலகைகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கடைக்காரரையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பாத்தாச்சு மாமா."

"அடிப்பாவி. எங்கிட்ட சொல்லவே இல்ல? யாரு?"

"பூட்டுக் கடை வச்சிருக்கார்."

"சரி, கையில தொழில் இருக்கு. பாடுவானா?"

"மாட்டார்."

"எதாவது வாசிப்பானா?"

"ஒண்ணும் கிடையாது. வீட்ல பாட்டுச் சத்தமே கேக்கக் கூடாதும்பார்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்காக. "என்ன மனுஷன் அவன்? உன்னைப் போய் பாடாதேம்பானா? வேண்டாம்டி வாலு. அப்படிப்பட்டவனோட எப்படிக் காலம் தள்ளுவ?"

"தள்ளிட்டேன் மாமா."

அவருக்கு அது புரியவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"நல்லா வச்சுக்குவானா?"

"நல்லாத்தான் வச்சுக்கிட்டார்."

"உனக்குப் புடிச்சிருக்கா? அதைச் சொல்லு மொதல்ல."

இந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை, பதிவு அலுவலகத்துப் படியில் அவரும் கேட்கவில்லை.

"ரொம்பப் புடிச்சிருக்கு மாமா."

"அப்ப சரி," என்றார். என் தலையில் லேசாகத் தட்டினார். "கட்டிக்கோ. பாடாட்டிப் போறான்."

மகளின் கார் தெருமுனையில் வந்து நின்றது. எங்களைப் பார்த்ததும் அவள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்காமலே இருந்தாள். அவர் இடது கையை முழங்கால்மேல் வைத்து விரல்களைச் சரிபார்த்துக்கொண்டார்.

"ஆரம்பி. நீ ஆரம்பிச்சாத்தான் அவ வருவா."

ஆரம்பித்தேன். இரண்டு வரி முடிந்ததும் அவர் விரல்கள் சேர்ந்துகொண்டன. வாயால் மெதுவாகக் கிட்டாரைச் சொன்னார். நான் என் கீழ் வரியிலேயே போனேன். மேலே யாரும் ஏறவில்லை. மெட்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர் நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒருத்தரும் டம்ளரோடு ஓடி வரவில்லை.

"கேட்டிருக்காது," என்றார். "இன்னொரு தடவ ஆரம்பி."

ஆரம்பித்தேன்.